வளைவில் கிடந்த உளுந்துக்கொடி

அத்தியாயம் 7

தன் புருஷனைக் கொல்லப் பார்த்தவன் தன் கூடப்பிறந்த தம்பியாக இருந்துவிடக் கூடாது என்று ஷோபனா வேண்டிக்கொள்ளாத தெய்வம் அந்த வட்டாரத்தில் பாக்கியில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல அடைத்துக் கிடந்தது. கேட்டை ஒட்டிய சந்தில் அவள் தம்பி பிரபுவின் ஒர்க் ஷாப். அதன் பின்பக்கம், போன வாரம் வாய்க்காலிலிருந்து கிரேன் வைத்துத் தூக்கிய கார் மரக்கட்டைகளின் மேல் நின்றது. அதற்குள்ளிருந்து இழுத்தெடுத்த அவள் கணவன் சூர்யபிரகாஷ் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. முதலில் விபத்து என்றுதான் போலீசில் எழுதினார்கள். அப்புறம் மாமியார் நாகம்மாள் ஸ்டேஷனுக்கே போய், ‘இவ தம்பி காருல என்னமோ கம்பியை மாட்டினான், மறுவாரமே என் புள்ள கவுந்தான்’ என்று புகார் கொடுத்துவிட்டாள். நாளைக் காலையில் பிரபு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். போனால் திரும்பி வருவானா என்பதுதான் கேள்வி.

காருக்கு அடியில், சாக்கின் மேல் மல்லாந்து படுத்திருந்தாள் மெஹராஜ் பேகம். வெளியே தெரிந்தது அவளுடைய ரப்பர் செருப்பு மட்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள். இப்போது திருவாரூரில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். ஷோபனாதான் அவளைத் தேடிப் போய்க் கூட்டி வந்திருந்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தான் உதவியாளன் இளையபெருமாள். நெட்டைக் கொக்கு மாதிரி ஆள். வாய்க்கு ஓய்வு கொடுத்துப் பழக்கமில்லாதவன்.

“மேடம், உள்ள தூங்கிட்டீங்கன்னா ஒரு குரல் குடுங்க. நானும் பக்கத்துல சாய்ஞ்சுக்கறேன்.”

“டார்ச்சை ஆட்டாதே. பிரபு, இந்தப் பின்பக்கத்து ஸ்வே பார் நீங்க மாட்டினதுதானே?”

“ஆமா மேடம்.” பிரபு எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தபடி குனிந்தான். “அத்தான்தான் வேணும்னு கேட்டாரு. கம்பெனிக் கம்பி மெலிசா இருக்கு, வளைவுல வண்டி சாயுதுன்னாரு. முன்னாலயும் பின்னாலயும் தடிமனா ரெண்டு வரவழைச்சு மாட்டினேன்.”

“எனக்குப் புரியற மாதிரி சொல்லேன் தம்பி. நான் சைக்கிள் வரைக்கும்தான் படிச்சவன்” என்றான் இளையபெருமாள்.

“வளைவுல திரும்பறப்ப வண்டி ஒரு பக்கமா அமுங்கும்ல, அதை அமுங்க விடாம இழுத்துப் பிடிக்கிற கம்பிண்ணே. முனையில ரெண்டு ஓட்டை இருக்கும். வெளி ஓட்டையில மாட்டினா மெத்துன்னு இருக்கும். உள் ஓட்டையில மாட்டினா விறைப்பா இருக்கும். பின்பக்கம் ரொம்ப விறைப்பாயிட்டா ரோடு கொஞ்சம் வழுக்கினாலே போதும், வாலு வீசிடும். அதனால நான் வெளி ஓட்டையிலதான் மாட்டினேன்.”

காருக்கு அடியில் ரப்பர் செருப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்தது.

“இப்ப ரெண்டு பக்கமும் உள் ஓட்டையில இருக்கே பிரபு” என்றாள் மெஹராஜ்.

ஷோபனா திரும்பினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அது வெளுத்துப்போயிருந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் முகமும் இப்படித்தான் வெளுக்கும், உண்மை சொல்லி மாட்டிக்கொண்டவன் முகமும் இப்படித்தான் வெளுக்கும். எது என்று கண்டுபிடிக்க முடியாமல் போனதுதான் அவளுக்கு அந்த நிமிடத்தில் பெரிய பயமாக இருந்தது.

“அக்கா, அம்மா சத்தியமா நான் மாத்தலைக்கா!”

மெஹராஜ் பேகம் வெளியே நகர்ந்து வந்தாள். கையில் காய்ந்த கொடி ஒரு பிடி.

“கம்பியைச் சுத்திக் கிடந்துச்சு. என்ன இது?”

“உளுந்துக் கொடி மேடம்” என்றாள் ஷோபனா. “சித்திரையில எங்க பக்கம் எந்த வண்டியைத் தூக்கிப் பாத்தாலும் இது இருக்கும். ரோட்டுல பரப்பி வச்சிருப்பாங்க, வண்டி ஏறி ஏறி உளுந்து உதிரும்.”

“போலீஸ்ல பாத்தாங்களா?”

“பாத்தாங்க. வளைவுல கொடி கெடந்துச்சுன்னு சொன்னாங்க. அதுல என்ன இருக்கு? அது எல்லா ரோட்டுலயும்தான் கெடக்கு.”

“களத்துமேட்டுக்கு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போன காலம் போச்சு. இப்ப டவுன் பஸ்ஸையே மாடாக்கிட்டீங்க” என்றான் இளையபெருமாள். “டிக்கெட் காசு குடுத்துப் போரடிக்கிற ஒரே ஜனம் நாமதான் மேடம்.”

மெஹராஜ் சிரிக்கவில்லை. கொடியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். ஒரு காய்கூட இல்லை. வெறும் சக்கை. அதைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அப்போது ஷோபனாவின் போன் அடித்தது. கோவிந்தராசு, மாமனாரின் தம்பி. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்குப் பெரிய ஆம்பிளை அவர்தான். சூர்யா மஸ்கட்டில் இருந்த வருஷங்களெல்லாம் அவன் பங்கு நிலத்தையும் சேர்த்து அவர்தான் சாகுபடி செய்தார். இந்தக் கோடையோடு நிலத்தைத் தங்களிடம் விட்டுவிடும்படி போன மாசம் கேட்டவள் ஷோபனா. சூர்யாவுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. இவள்தான் எதிரே நின்று கேட்டாள். மனுஷர் கோபிக்கவே இல்லை. ‘அதுக்கென்னம்மா, உங்க நிலம்தானே’ என்று சிரித்துக்கொண்டே காப்பி கேட்டார். நாகம்மாள் வசைபாடிய இந்த ஒரு வாரமும் அவளுக்கு ஆறுதல் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

“ஷோபனா, உன் ஸ்கூட்டரைப் பஞ்சர் ஒட்டித் தம்பி கடையில விட்டிருக்கேம்மா. பாத்தியா?”

“பாத்தேன் சின்ன மாமா.”

“ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கு ராத்திரி நான் போறேன். அண்ணி தனியா இருக்காங்க. நீ விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்துடு. மெயின் ரோட்டுல வராதே, பஸ்காரன் கண்ணு மண்ணு தெரியாம வர்றான். கரை ரோட்டுலயே வா.”

“சரிங்க மாமா” என்று வைத்தாள். ஒரு மனுஷராவது தன்மேல் அக்கறையாக இருக்கிறாரே என்று கண் கலங்கியது.

“யாரு?” என்றாள் மெஹராஜ். ஷோபனா சொன்னாள். மெஹராஜ் ‘ம்’ என்றதோடு சரி.

கரை ரோடு ஆற்றை ஒட்டி நேராகப் போய், மதகுக்குப் பக்கத்தில் சட்டென்று ஒடிந்து திரும்பும். அந்த ஒடிப்பில்தான் சூர்யாவின் கார் கவிழ்ந்தது. ஒரு பக்கம் தண்ணீர் வற்றிய ஆறு. மறு பக்கம் ஆழமான வாய்க்கால், கரையெல்லாம் நாணல். மெஹராஜ் தன் பழைய காரை நேர்ரோட்டிலேயே நிறுத்தினாள். அங்கே ரோட்டின் ஒரு பாதியில் உளுந்துக் கொடி பரப்பியிருந்தது. ஓரத்தில் விளக்குமாறும் முறமுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் அம்சம். ஷோபனாவைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி எப்படிங்க இருக்கு? கண்ணு முழிச்சுதா?”

ஷோபனா இல்லையென்று தலையாட்டினாள்.

“அன்னிக்கு அந்த வளைவுல கொடி கெடந்துச்சாமே. உங்களோடதா?” என்று கேட்டாள் மெஹராஜ்.

அம்சத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “நல்லாக் கேட்டீங்க போங்க! வளைவுல யாராவது உளுந்தைப் போடுவாங்களா? சைக்கிளுல வர்றவன், டிவிஎஸ்ல வர்றவன் எல்லாம் வழுக்கி விழுந்து வைக்கவா? நாங்க நேர்ரோட்டுலதான் போடுவோம், தூரத்துலேருந்தே கண்ணுக்குத் தெரியும்.”

“வேற யாராவது?”

“யாரு போட்டிருந்தாலும் பக்கத்துல ஆளு இருக்கணும்ல? ஆடு மாடு மேஞ்சிடாது? பொழுது சாய அள்ளிக்கிட்டுப் போயிடுவோம். அன்னிக்கும் நாங்க அள்ளிக்கிட்டுப் போறப்பதான் பாத்தேன், வளைவுல கொடி கெடக்கு. ஆளைக் காணோம். யாருடா இது, எல்லாரும் அள்ளுற நேரத்துல போட்டிருக்கான்னு எடுத்துப் பாத்தேன். ஒரு காயி இல்ல. எல்லாம் சக்கை.”

இளையபெருமாள் தலையைச் சொறிந்தான். “அடிச்சு முடிச்ச கொடியை, அந்திநேரத்துல, வளைவுல போட்டு, ஆளும் இல்லாமப் போயிருக்கான். உளுந்தே இல்லாத உளுந்தை எதுக்கு மேடம் ஒருத்தன் காய வைக்கணும்?”

“அதை இப்பப் பாத்துடுவோம். அம்சம், உங்க சக்கையில கொஞ்சம் கடனாக் குடுங்க.”

நாலு கை சேர்ந்து வளைவில் சக்கையைப் பரப்பினார்கள். மெஹராஜ் காரைப் பின்னால் தூரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, “ஏறுங்க” என்றாள். அப்போதுதான் ஷோபனாவுக்கு அவள் செய்யப்போகிற காரியம் விளங்கியது.

“மேடம், வேணாம். அதே இடம் மேடம்.”

“ஷோபனாம்மா, எனக்கும் வேணாம்தான்” என்றான் இளையபெருமாள், முன்சீட்டில் மேலே இருந்த பிடியில் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டே. “ஆனா நான் இறங்கி ஓடினா சம்பளம் நின்னுடும். வாங்க, கூட்டா பயப்படுவோம்.”

தம்பியின் தலையெழுத்து இந்த வளைவில் இருக்கிறது என்ற ஒரே நினைப்பில் ஷோபனா பின்சீட்டில் ஏறினாள். கார் வேகமெடுத்தது. ஆற்றங்கரைப் பனைகள் பின்னால் ஓடின. மதகு பெரிதாகிக்கொண்டே வந்தது. சூர்யா கடைசியாகப் பார்த்தது இதைத்தானே என்று தோன்றியதும் அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். சக்கரத்துக்கு அடியில் சரசரவென்று சத்தம் கேட்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது வளைவு பின்னால் போயிருந்தது.

“ஒண்ணுமே ஆகலையே” என்றாள், நம்ப முடியாமல்.

“ஆகாது. இந்தச் சீசன்ல எத்தனை கார் கொடி மேல ஏறிப் போகுது? ஒண்ணாவது கவுந்துச்சா?” மெஹராஜ் வண்டியை ஓரம் கட்டினாள். “உள் ஓட்டையில மாட்டின கார் மட்டும்தான் கவுந்துச்சு. ஷோபனா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பிரபு அந்த நட்டு மேல கறுப்பு கிரீஸ் அப்பி வச்சிருக்கார். அதைக் கழட்டினவன் கை ரெண்டு நாளைக்குக் கறுப்பாத்தான் இருந்திருக்கும். விபத்துக்கு முந்தி யார் கை கறுத்துச்சு?”

பிரபுவின் கை என்றைக்குமே கறுப்பு. ஷோபனா அதைச் சொல்ல வாயெடுத்தாள். அடுத்த கணம் கண்முன்னால் வேறொன்று வந்து நின்றது. கல்யாணத்துக்கு வந்த வெள்ளைத் துண்டு. அதில் ஐந்து விரலும் பதிந்த கறுப்புக் கறை.

“எங்க வீட்டுக்காரருதான்...” என்றாள். “ஞாயித்துக்கிழமை ரொம்ப நேரம் காருக்கு அடியில கெடந்தாரு. கையைக் கழுவாம நல்ல துண்டுல துடைச்சாரு. நான் சத்தம் போட்டேன். ‘உன் தம்பிகிட்ட சொல்லிடாத, திட்டுவான். இப்பப் பாரு, வளைவுல வண்டி எப்படி ஒட்டிக்கிட்டுப் போகும்னு’ன்னு கண்ணடிச்சாரு. எனக்கு ஓட்டையும் தெரியாது, கம்பியும் தெரியாது மேடம்...”

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தம்பி பொய் சொல்லவில்லை. அவன் தப்பித்தான். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போனாலும் திரும்பி வந்துவிடுவான். அந்த ஒரு வாரத்தில் முதன்முதலாக அவள் முழு மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முடிவதற்குள் இளையபெருமாள் திரும்பினான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

“அப்ப ஒண்ணு இடிக்குது மேடம். ஓட்டையை மாத்தினது அவருக்கு மட்டும்தான் தெரியும். கார் வழுக்கும்னு வேற யாருக்கும் தெரியாது. அப்ப சக்கையைக் கொண்டாந்து கொட்டினவன் யாரை நெனச்சுக் கொட்டினான்?”

“கார்ல வர்றவருக்காக இல்ல” என்றாள் மெஹராஜ் மெதுவாக. “அம்சம் சொன்னதை மறந்துட்டியா? வளைவுல கொடி கெடந்தா விழறது யாரு?”

ரெண்டு சக்கரம்.

யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நீடாமங்கலத்தில் பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து, தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில், இந்த வளைவில் ஸ்கூட்டரில் திரும்புகிறவள் அவள்தான். அன்றைக்கு மட்டும் பின் சக்கரத்தில் காற்று இல்லை. சூர்யாவுக்குப் போன் செய்து, ‘வந்து கூட்டிக்கிட்டுப் போங்க’ என்றாள். அவன் ஆசைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவள் விழவேண்டிய இடத்தில் அவன் விழுந்தான்.

“எனக்கா?” என்றாள். “என்னை எதுக்கு மேடம்? நான் யாருக்கு என்ன பண்ணினேன்?”

மெஹராஜ் ஜன்னல் வழியே தலையை நீட்டி அம்சத்தைக் கூப்பிட்டாள். “இந்தப் பக்கம் யார் வீட்டுலயாவது உளுந்து அடிச்சு முடிச்சாச்சா?”

“எங்கேருந்துங்க முடியறது? எல்லாரும் இந்த ரோட்டையே நம்பிக்கிட்டு இருக்கோம். கோவிந்தராசு அய்யா வீட்டுலதான் மிஷின் வச்சு எப்பவோ அடிச்சாச்சு. அவங்க களத்துலதான் சக்கை மலையாக் குமிஞ்சு கெடக்கு.”

ஸ்கூட்டர் ரெடி. விளக்கு வைக்கிற நேரத்துக்கு. கரை ரோட்டுலயே வா.

ஷோபனா வாயைப் பொத்திக்கொண்டாள். நிலத்தைக் கேட்ட அன்று சிரித்துக்கொண்டே காப்பி கேட்ட முகம் நினைவுக்கு வந்தது. அந்தக் காப்பியை அவள்தான் போட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தலையைத் தடவி ‘அழாதம்மா’ என்ற கை. அந்தக் கை ராத்திரி சூர்யாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறது.

“போலீசுக்குப் போயிடலாம் மேடம்.”

“போய் என்ன சொல்றது? சித்திரையில ரோட்டுல உளுந்துக் கொடி கெடந்துச்சுன்னா? சிரிச்சு அனுப்பிடுவாங்க. அதை நம்பித்தான் அவர் இந்த வழியைப் பிடிச்சிருக்கார்.” மெஹராஜ் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். “போன தடவை எதிர்பாராம கார் வந்து கவுந்துடுச்சு. சத்தம் கேட்டு ஜனம் கூடிடுச்சு. கொடியை அள்ள முடியாம ஓடிட்டார். இந்தத் தடவை அள்ளறதுக்குப் பக்கத்துலயே இருப்பார். இப்ப போன் பண்ணி, இருட்டினதும் ஸ்கூட்டர்ல கிளம்பறேன்னு சொல்லுங்க. குரல் நடுங்கினா அழுதுடுங்க. நீங்க அழறது அவருக்குப் பழக்கம்தான்.”

ஷோபனா போன் செய்தாள். நடுங்கியது. அழுதாள். “அழாதம்மா, பாத்து வா” என்றது அந்தக் குரல்.

அம்சம் உளுந்தை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டு போனாள். வளைவில் பரப்பிய கடன் சக்கையையும் ஒரு துரும்பு விடாமல் கூட்டி எடுத்துப் போனாள். ரோடு துடைத்த மாதிரி ஆனது. அவர்கள் காரை அடுத்த ஊர் டீக்கடைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்தார்கள். வாங்கி வைத்த டீ ஷோபனாவின் கையிலேயே ஆறிப்போனது. இளையபெருமாள் ஒரு தடவை, “வடை நல்லா இருக்கு” என்றான். அவனே தின்னவில்லை.

வெளிச்சம் மங்கி ஆள் முகம் தெரியாமல் போன நேரத்தில், விளக்கைப் போடாமல் காரை மெல்ல ஊரவிட்டுக் கொண்டுவந்து வளைவுக்கு முன்னாலேயே நிறுத்தினார்கள். இறங்கி நடந்தார்கள். தவளைச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. ஷோபனா முன்னால் நடந்தாள். ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொள்ளச் சொல்லிக் கால்கள் கெஞ்சின. சூர்யாவை நினைத்துக்கொண்டு நடந்தாள்.

செருப்புக்கு அடியில் சரக்கென்றது.

குனிந்து தொட்டுப் பார்த்தாள். உளுந்துக் கொடி. சற்று முன்பு துடைத்துவிட்ட அதே இடத்தில், ரோட்டை அடைத்து, கனமாக. கையில் தேய்த்தாள். ஒரு காயும் இல்லை.

மெஹராஜ் அவள் தோளைத் தொட்டாள். இளையபெருமாள் டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி நின்றான். ஷோபனா கைப்பைக்குள் போனை வைத்தபடியே, வெளிச்சம் வெளியே தெரியாமல் சின்ன மாமாவின் எண்ணை அழுத்தினாள். பிறகு காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

மதகுக்கு அந்தப் பக்கம், நாணலுக்குள், முழங்கால் உயரத்தில் நீல வெளிச்சம் ஒன்று முளைத்தது.

“எங்கம்மா வந்துக்கிட்டிருக்கே?”

அதே கனிவு. அதே அக்கறை. காதிலும் கேட்டது, நாணலுக்குள்ளிருந்தும் கேட்டது. ஒரே கேள்வியை இரண்டு பேர் அடுத்தடுத்துக் கேட்டது போல இருந்தது. ஷோபனாவுக்கு ஓடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடப்பவனுக்காக நின்றாள்.

“வளைவுக்கு வந்துட்டேன் சின்ன மாமா.”

டார்ச் பளீரென்று எரிந்தது. கோவிந்தராசு நாணலுக்கு நடுவே குந்தியிருந்தார். மடியில், கொடியை அள்ளிப் போவதற்கு மடித்து வைத்த சாக்கு. வலது கைக்குப் பக்கத்தில் மண்வெட்டிக் காம்பு ஒன்று. விழுந்தவள் உயிரோடு இருந்தால் அது எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. போன் இன்னும் அவர் காதில்தான் இருந்தது.

“ஆனா நான் விழலை” என்றாள் ஷோபனா, அந்தப் போனிலேயே. “நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்.”